தீப்பெட்டித் தேர்

புவனேஸ்வரன் வீட்டு ஜன்னலில் கொஞ்சம் கடல் உண்டு. கொஞ்சம்தான். பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில், எதிரே நிற்கும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஒரு புடவைக் கரை அகலத்துக்குத் தூரத்தில் நீலமாக நிற்கும். பட்டர்வொர்த்துக்குப் போகிற ஃபெர்ரி ஒரு ஓரத்தில் மூக்கை நீட்டும், மெதுவாக முழுசாகத் தெரியும், பிறகு மறு கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். அதற்குள் ஒரு வாய் தேநீர் குடித்துவிடலாம்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் அவர் பல வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். கடலைக் கண்டுபிடித்தது என்னவோ போன வருஷம்தான். முப்பது வருஷம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்தவருக்குப் பகல் என்றால் இழுத்துவிட்ட திரைச்சீலை, அவ்வளவுதான். ஐம்பத்தைந்து வயது முடிந்து பகல் ஷிப்டுக்கு மாறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திரையை விலக்கினார். அங்கே அது நின்றது. "ஈஸ்வரி, இங்க வந்து பாரேன், நம்ம வீட்டுல கடல் இருக்கு" என்றார். அவர் மனைவி ஜெகதீஸ்வரி அடுப்பிலிருந்தே, "அது எப்பவும் இருக்குதுங்க. நீங்கதான் தூங்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு ஒரே ஆசை. இந்த ஜன்னலை விட்டுப் போகக்கூடாது. வீட்டுக்காரர் அப்துல் அஜீஸும் அதற்குத் தோதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "நான் மகன் வீட்டுக்கு செபராங் ஜெயாவுக்குப் போறேன் தம்பி. நீங்க எடுத்துக்கிறதா இருந்தா பழகின முகத்துக்கு ஒரு வெல போட்டுத் தர்றேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா ஏஜென்ட்கிட்டதான் போவும்." புவனேஸ்வரனுக்குச் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருந்தது. வீட்டுக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் ஒரு மேசை நாற்காலி வாங்கக்கூட மிஞ்சாது. ஆனாலும் சரியாக இருக்கும்.

கையில் காசு, வாயில் தோசை என்று முடிந்திருக்க வேண்டிய கதை. நடுவில் மச்சான் வந்து சேர்ந்தான்.

அர்ஜுனன், ஜெகதீஸ்வரியின் ஒரே தம்பி. நிபோங் திபாலில் இருக்கிறான். நல்ல பிள்ளை, நல்ல சிரிப்பு, சட்டையில் நல்ல வாசனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவன் பலகாரம் ஒரு பெட்டி வைத்துவிட்டு, கைபேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. காசைப் போட்டால் மாதம் நூற்றுக்குப் பத்து வருமாம். பினாங்கில் இந்த மாதிரி ஆட்டத்துக்கு மணி கேம் என்று ஜனங்களே பேர் வைத்திருக்கிறார்கள். பேர் வைத்த அதே ஜனங்கள் போய்க் காசும் போடுவார்கள். அதை எங்கே போய்ச் சொல்ல.

"ஆறே மாசம் மச்சான். வீட்டையும் வாங்கலாம், உள்ள ரெனவேஷனும் பண்ணலாம்" என்றான் அர்ஜுனன்.

"பாய் மாசக் கடைசிதான் டைம் குடுத்திருக்காரு."

"அவரு வெயிட் பண்ணலன்னா போறாருலா. இதவிடப் பெரிய கடலாப் பாத்து வாங்கிக்கலாம்."

புவனேஸ்வரன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் போதும், அவருக்கு மூச்சு வந்திருக்கும். அவளோ டம்ளரைக் கொண்டுவந்து தம்பிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாள் முதல் அவள் பிறந்த வீட்டு ஆட்களிடம் அவர் இல்லை என்று சொன்னது கிடையாது. சொன்னால் அவள் முகம் சின்னதாகிப் போகுமே என்ற பயம். அவள் பேசாமல் நிற்பதைப் பார்த்து, அவளுக்கு இதில் இஷ்டம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

"சரி அர்ஜுனா. திங்கக்கிழம பேங்குக்குப் போவோம்" என்றார். சொல்லிவிட்டு டம்ளரை ஒரே மூச்சில் குடித்து வைத்தார். அன்றைக்குத் தேநீரில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

இங்கே அந்த வீட்டு விளையாட்டு அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கோவிட் காலத்தில் எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்களே, அப்போது செய்தது. மகள் துளசிக்கு அப்போது பதினான்கு வயது. டிவி வந்த பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஜார்ஜ்டவுனை வரைந்தாள். ஃபெர்ரித் துறையில் ஆரம்பிக்கும். லெபோ பசார், குவீன் ஸ்ட்ரீட் கோயில், டத்தோ கெராமட், ஆயர் ஈத்தாம், கர்னி டிரைவ் என்று ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகும். போக முடியாத தெருக்களையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். காசுக்குப் புளியங்கொட்டை. ஆடும் காயாக அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான், அம்மாவுக்கு ஏலக்காய், தனக்கு ஒரு சோழி. கட்டம் வாங்கலாம், வீடு கட்டலாம், வாடகை வாங்கலாம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அரிசி விலை ஒரு கொட்டை ஏறும். விலைவாசி என்றால் என்ன, சம்பளம் ஏறியும் ஏன் ஏறாத மாதிரியே இருக்கிறது என்பதெல்லாம் புவனேஸ்வரனுக்கு முப்பது வருஷச் சம்பளச் சீட்டில் புரியாமல், அந்த அரிசிக் கட்டத்தில்தான் புரிந்தது. கிரெடிட் கார்டு என்று ஒரு கட்டம் வைத்திருந்தாள் துளசி. அதில் மாட்டி மூன்று வாரம் தொடர்ந்து தோற்ற பிறகு, நிஜ கார்டை மடக்கிக் குப்பையில் போட்டார். அந்த அளவுக்கு விளையாட்டு அவர் வாழ்க்கைக்குள் வந்துவிட்டிருந்தது.

தேருக்குப் போக முடியாத தைப்பூசமும் ஒன்று வந்தது. தண்ணீர்மலை முருகனுக்கு வீட்டிலிருந்தே கும்பிடு போட்ட அந்த வருஷம், ஜெகதீஸ்வரி ஒரு தீப்பெட்டியை எடுத்து ஜிகினாத் தாள் ஒட்டி அட்டையில் வைத்தாள். "இதுதான் தேர். இதுக்குத் தாயக்கட்ட கிடையாது. ஒருத்தர் உருட்டி முடிச்சா ஒரு கட்டம், அவ்வளவுதான் நகரும்" என்றாள். தீப்பெட்டிக்குள் யார் வேண்டுமானாலும் கொட்டை போடலாம். தேர் ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் உள்ளே இருப்பதில் பத்துக்கு ஒன்று கூடும், கூடியதற்கும் சேர்த்து அடுத்த மூலையில் கூடும். கடைசி மூலை தாண்டி மலையேறிய பிறகுதான் எடுக்கலாம்.

அந்தத் தேரில் கொட்டை போட்டது அவள் ஒருத்திதான். துளசி கர்னி டிரைவில் ஹோட்டல் கட்டப் பறந்துகொண்டிருப்பாள். புவனேஸ்வரனுக்கோ கையில் எதுவும் தங்காது. ஆயர் ஈத்தாம் கட்டத்தை முதல் ஆளாக வாங்கிவிடுவார், ஆனால் யார் வந்து நின்றாலும் வாடகை கேட்கமாட்டார்.

"சொந்தக்காரங்ககிட்ட கை நீட்டுறதா?" என்பார்.

"இந்த விளையாட்டுல எல்லாருமே சொந்தக்காரங்கதான்பா" என்பாள் துளசி.

"தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறங்க" என்று ஜெகதீஸ்வரி சொல்லிப் பார்ப்பாள். கேட்டால்தானே. ஒவ்வொரு ஞாயிறும் முதலில் ஓட்டாண்டியாவது அவர்தான். சிரித்துக்கொண்டே ஓட்டாண்டியாவார். ஊரடங்கு முடிந்து ஊர் திறந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்குக் கண் சொக்கியது. முப்பது வருஷப் பழக்கம், பகலைக் கண்டால் இமை தானாக விழும். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் கடல் வெள்ளையாகி, வானம் எது தண்ணீர் எது என்று தெரியாமல் கலந்திருந்தது. பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார்.

கனவில் அவர் ஒரு சட்டைப் பொத்தானாக இருந்தார். அதில் ஒன்றும் கஷ்டமில்லை, நாலு கண்ணால் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான். லெபோ பசாரில் நடந்தார். தரை அட்டையாக இருந்தது, காலுக்கு மெத்தென்று. கடைகள் எல்லாம் பென்சிலில் வரைந்தவை. மல்லிகைப்பூ விற்கிறவள் பென்சில் பூவைத் தொடுத்து நீட்டினாள், வாசனை மட்டும் நிஜமாக வந்தது. கடல் எங்கே என்று கேட்டார். "அது இன்னும் கலர் அடிக்கல அண்ணே" என்றாள். தாயக்கட்டையை உருட்டினார். அது உருண்டு உருண்டு குவீன் ஸ்ட்ரீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, எந்த எண்ணும் விழவில்லை. பின்னாலேயே ஓடினார். அப்போது அவரைக் கடந்து தேர் போனது. சத்தமே இல்லை. ஜிகினாத் தாள் வெயிலில் மினுங்கியது. உள்ளே ஜெகதீஸ்வரி உட்கார்ந்திருந்தாள், மடி நிறையப் புளியங்கொட்டை. "ஈஸ்வரி, நானும் ஏறிக்கவா?" என்றார். அவள் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, வார்த்தை கேட்கவில்லை. தேர் ஒரு கட்டம் நகர்ந்தது. அவர் இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு கட்டம் நகர்ந்தது.

விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. ஜெகதீஸ்வரி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். சாரல் என்று நினைத்துத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் கேட்டுவிடலாமா என்று வாய் வரை வந்தது. உன் தம்பியை நீ நம்புகிறாயா என்று எந்தப் புருஷன் கேட்பான்? துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அர்ஜுனன் வந்துவிட்டான். மறுநாள் காலை பேங்க் திறந்ததும் கூட்டிப்போக வேண்டுமாம், இரவு இங்கேயே தங்கிவிடுகிறேன் என்றான். சமையல் ஆகிக்கொண்டிருந்தது. அதுவரை ஒரு ஆட்டம் போடலாம் என்று துளசி அட்டையை விரித்தாள். அர்ஜுனனுக்கு ஒரு கிராம்பு கொடுத்தார்கள்.

அவன் விளையாடிய அழகைப் பார்க்க வேண்டும். முதல் சுற்றிலேயே இருந்த கொட்டையெல்லாம் கொட்டி கர்னி டிரைவில் வீடு கட்டினான். அடுத்த சுற்றில் கடன் வாங்கி அதன் மேல் இன்னொன்று கட்டினான். அரிசி விலை ஏறியது. கர்னி டிரைவில் வந்து நிற்க ஆளில்லை. கிராம்பு எங்கே போனாலும் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தது.

"மச்சான், ஒரு பத்துக் கொட்ட இருக்குமா?"

புவனேஸ்வரன் இருந்ததில் பாதியைத் தள்ளினார். அதுவும் கரைந்தது. துளசியிடம் கேட்டான். அவள், "வட்டி எவ்வளவு மாமா தருவீங்க?" என்றாள். பெரிய கெட்டிக்காரிதான் என்று அவள் தலையில் குட்டிவிட்டு அக்கா பக்கம் திரும்பினான். தேர் கடைசி மூலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒன்றும் இரண்டுமாக அவள் போட்டு வந்ததில் தீப்பெட்டி பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தத் தேர்ல இருக்கிறதக் குடுக்கா. ரெண்டே சுத்து. ரெட்டிப்பாத் தர்றேன்."

ஜெகதீஸ்வரி தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். கொடுக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இந்தத் தம்பிக்கு அவள் எதைத்தான் கொடுக்காமல் இருந்தாள், பள்ளிக்கூடத்தில் தன் பங்கு பிஸ்கட்டிலிருந்து. அவள் கட்டை விரலால் தீப்பெட்டியைத் தள்ளித் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள்.

"இல்ல தம்பி. தரமாட்டேன்" என்றாள்.

அர்ஜுனன் சிரித்தான். "விளையாட்டுதானேக்கா. வெறும் புளியங்கொட்ட."

"அதான் எனக்கும் புரியல. வெறும் புளியங்கொட்ட. இதையே உன் கையில குடுக்க மனசு வரல." அவள் தீப்பெட்டியைத் திரும்ப அட்டையில் வைத்தாள். "அப்புறம் அவரு முப்பது வருசம் தூங்காமச் சேத்தத நான் எப்படிடா குடுக்கச் சொல்லுவேன்?"

அடுப்பில் குக்கர் விசிலடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. புவனேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் லேசாகி, பாயிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பினாற்போல் இருந்தது. கனவில் கேட்காத வார்த்தை இதுதான்.

"நீ எங்க ஈஸ்வரி குடுக்கச் சொன்ன? நீ ஒண்ணுமே சொல்லலயே" என்றார்.

"சொல்லாம நின்னதுதாங்க தப்பு. நீங்க டக்குனு சரின்னுட்டீங்க. என் தம்பிய நீங்களே நம்பும்போது, கூடப் பொறந்த நான் நம்பலன்னு எந்த வாயால சொல்றது?"

"நான் எங்க நம்புனேன்? உன் தம்பியாச்சேன்னுதான் சரின்னேன். நீ வேணாம்னு சொல்லுவியோன்னு உன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்."

"நான் டீக்குச் சக்கர போட்டதக்கூட மறந்து ரெண்டு தடவ போட்டேன். அதுகூடத் தெரியல உங்களுக்கு."

துளசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு பேருக்கும் வேணாமா? பின்ன யாருக்குத்தான் வேணும்?"

மூன்று பேரும் அர்ஜுனனைப் பார்த்தார்கள். அவன் கிராம்பை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தான். அந்த நல்ல சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றுபோயிருந்தது.

"எனக்குத்தான் வேணும்" என்றான். "என்னோடது எல்லாத்தையும் போட்டுட்டேன்கா. ஆரம்பத்துல வந்துச்சு. இப்ப வர்றதில்ல. கீழ ரெண்டு பேரச் சேத்தாத்தான் என்னோடத வெளிய விடுவோம்னு சொல்றாங்க."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பது இதுதான். புவனேஸ்வரனுக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபம் இல்லை. இவன் பெரிய கடலாப் பாத்து வாங்கிக்கலாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"அந்தக் கீழ ரெண்டு பேரு நானும் உங்க அக்காவுமா அர்ஜுனா?"

அவன் தலை குனிந்தான். "தப்புதான் மச்சான். உங்களது போயிருமோன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. எனக்குத் திரும்பி வந்துருச்சுன்னா உங்களுக்குக் குடுத்துருவேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நெனச்சுக்கிட்ட" என்றார் புவனேஸ்வரன். எழுந்து ஜன்னலுக்குப் போனார். மழை விட்ட வெயில். கட்டடங்களுக்கு நடுவே ஃபெர்ரி ஒன்று மூக்கை நீட்டியது. அது முழுசாக வந்து, மெதுவாக மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். கைபேசியை எடுத்தார்.

"பாய், புவனேஸ்வரன் பேசுறேன். வீட்ட நாங்களே எடுத்துக்குறோம். நாளைக்குக் காலையில வரலாமா?"

அந்தப் பக்கம் அப்துல் அஜீஸ், "வாங்க தம்பி, இங்க மருமக கையால சாப்புடலாம்" என்றார். அந்தக் குரல் அறையில் எல்லாருக்கும் கேட்டது. ஜெகதீஸ்வரி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அர்ஜுனன் எழுந்து பையைத் தேடினான்.

"எங்க போற?" என்றார் புவனேஸ்வரன்.

"போறேன் மச்சான். எந்த மூஞ்சியோட இங்க ஒக்கார்றது?"

"ஆட்டம் முடியல. உன் கைதான். உருட்டு."

குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. அவன் பயந்துபோய் உட்கார்ந்து தாயக்கட்டையை உருட்டினான். கிராம்பு நகர்ந்து நகர்ந்து ஆயர் ஈத்தாமில் வந்து நின்றது. புவனேஸ்வரன் கட்டம். அப்பா எப்படியும் வாடகை கேட்கப் போவதில்லை என்று துளசி வழக்கம்போல் தாயக்கட்டையை அம்மாவிடம் தள்ளினாள்.

"இரு" என்றார் புவனேஸ்வரன். கையை நீட்டினார். "வாடக."

துளசிக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஜெகதீஸ்வரி அவரைப் பார்த்தாள். நீட்டிய கை பின்வாங்கவில்லை. அர்ஜுனன் தன் முன்னால் கிடந்ததைத் தேடிக் கூட்டினான். மூன்று கொட்டைதான் மிச்சம். மூன்றையும் அந்த உள்ளங்கையில் வைத்தான்.

புவனேஸ்வரன் விரல்களை மூடிக்கொண்டார். ஆயிரம் தரம் தோற்ற விளையாட்டில் அவர் வாங்கிய முதல் வாடகை.

"ம். வாடக குடுத்துட்ட" என்றார். "இனி இது நீ ஒக்கார்ற எடம். யாரும் எழுப்ப முடியாது. சாப்புட்டுட்டுப் படு. நாளைக்குப் பாயப் பாத்துட்டு வந்ததும் போலீஸ்ல போய் ரிப்போர்ட் குடுப்போம், நானும் வர்றேன். ஆனா ஒண்ணு. என் காசு ஒரு வெள்ளிகூட உனக்குக் கிடையாது."

அர்ஜுனன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். அவன் அழுது முடிகிற வரை யாரும் அவனைத் தேற்றவில்லை. புவனேஸ்வரன் கையிலிருந்த மூன்று கொட்டையையும் தீப்பெட்டியைத் திறந்து அதற்குள் போட்டார். ஜெகதீஸ்வரி தேரை ஒரு கட்டம் நகர்த்தி வைத்துவிட்டு, நாலு தட்டு எடுக்க எழுந்து போனாள்.